மணி வந்த 24 நாள்: பூனை வீட்டுக்கு ஒரு நாய் விருந்தாளி

போன மாசம் ரெண்டு வாரம் எபிசோட் வரலை, என்ன ஆச்சுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அப்பாவுக்கு முட்டி மாற்று ஆபரேஷன். அதுக்காக அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியில இருந்து சென்னைக்கு வந்து என்கூட இருந்தாங்க. இப்ப நல்லா இருக்காங்க. விசாரிச்ச எல்லாருக்கும் நன்றி.

அதுக்கு நடுவுல நான் ஒரு ஸ்டோரி போட்டிருந்தேன். ஃப்ரிட்ஜ் மேல என் பூனை கலெக்டர், கீழ தரையில அப்பாவோட நாய் மணி, ரெண்டும் ஒரே போட்டோல. அதுக்கு வந்த பதில் பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "எப்படி ஃப்ரெண்ட்ஸ் ஆக்கினீங்க?" ஆக்கலை. ஆக்கணும்னு நினைக்கவும் இல்லை. அந்தப் போட்டோவை ஜூம் பண்ணிப் பாருங்க. மணி கழுத்துல இருந்து ஒரு பெல்ட் போகும். அதோட மறுமுனை என் பாதத்துக்கு அடியில இருக்கும். இன்னைக்கு எபிசோட் அந்த பெல்ட்டைப் பத்தி.

முதல்ல யார் யாருன்னு சொல்லிடறேன். வீட்டுல ரெண்டு பூனை. கலெக்டருக்கு 6 வயசு, ஆண், கருத்தடை ஆனவன், 5.8 கிலோ. ஆய்வுக்கு வந்த மாதிரியே ஒவ்வொரு ரூமுக்குள்ளயும் நுழைவான், அதனால அந்தப் பேர். பூந்திக்கு 2 வயசு. எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல, வாட்ச்மேன் அண்ணன் நாற்காலிக்குக் கீழ, அஞ்சு வாரக் குட்டியா கிடைச்சா. மணி வந்து சிப்பிப்பாறை நாய், 4 வயசு. எங்க தெருவுல முக்கால்வாசி நாய்க்கு மணின்னுதான் பேரு, அதனால பேரை வச்சு அவனை எடைபோட வேண்டாம். சிப்பிப்பாறைன்னா தெரியாதவங்களுக்கு: நீளமான முகம், ஒட்டின வயிறு, எலும்பும் தசையுமா ஒரு உடம்பு. மோப்பத்தை விட கண்ணை நம்பி வேட்டையாடுற ரகம். தலைமுறை தலைமுறையா முயல் துரத்துறதுக்குன்னே வளர்த்தது. சின்னதா, வேகமா, ரோமத்தோட எது ஓடினாலும் அவன் உடம்பு யோசிக்கறதுக்கு முன்னாடி கிளம்பிடும். பூனை ஓடினா எப்படி இருக்கும்னு நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

அவனை ஊர்லயே விட்டுட்டு வந்திருக்கலாமேன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். அப்பா கை சோறு தவிர வேற யார் வச்சாலும் தொட மாட்டான். முந்தி ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு நாள் பக்கத்து வீட்டுல விட்டுட்டு போயிருந்தாங்க. ரெண்டு நாளும் பட்டினி. போர்டிங்ல விட்டாலும் அதே கதைதான். அம்மா போன்ல முடிவா சொல்லிட்டாங்க: "அவன விட்டுட்டு வந்தா உங்க அப்பா ஆஸ்பத்திரி கட்டில்ல படுக்க மாட்டாரு. பஸ் ஸ்டாண்டுல போய் நிப்பாரு." சரி, வாங்கன்னுட்டேன்.

இப்ப என் பிரச்சனை என்னன்னு சொல்றேன். எல்லாரும் பூனை-நாய்னாலே சண்டையைத்தான் யோசிக்கறாங்க. எனக்கு சண்டையை விடப் பெரிய பயம் ஒண்ணு இருந்துச்சு. கலெக்டரோட மூத்திரம்.

சிரிக்காதீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி மாடி வீட்டுல டைல்ஸ் மாத்தினாங்க. ரெண்டு வாரம் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் டிரில் சத்தம். அந்த ரெண்டாவது வாரக் கடைசியில கலெக்டருக்கு மூத்திரம் அடைச்சுகிச்சு. ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்ப மெல்லிசு. மன அழுத்தத்துல சிறுநீர்ப்பை வீங்கும், சின்ன அடைப்பு போதும், மொத்தமா நின்னுடும். நின்னா ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், இதயத்துடிப்பு தடுமாறும். ஒண்ணு ரெண்டு நாள்ல உயிர் போயிடும். அவனுக்கு ட்யூப் போட்டு, மூணு ராத்திரி ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. ஒருதடவை அடைச்சவனுக்கு மறுபடி அடைக்க வாய்ப்பு அதிகம்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாங்க.

அமெரிக்காவுல ஒஹாயோ ஸ்டேட் யூனிவர்சிட்டியில டோனி பஃபிங்டன்னு ஒரு கால்நடை மருத்துவர் இதையே பல வருஷம் ஆராய்ச்சி பண்ணினவர். 2011-ல அவங்க குழு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சாப்பாட்டு நேரம் மாறுறது, பராமரிக்கற ஆள் மாறுறது மாதிரி வழக்கத்துல மாற்றம் வந்தாலே, நோயே இல்லாத பூனைகூட சாப்பாட்டைக் குறைக்குது, வாந்தி எடுக்குது, மண் பெட்டிக்கு வெளிய போகுது. பூனைக்கு ஸ்ட்ரெஸ்ங்கறது மூட் அவுட் இல்லை. உடம்புல காட்டும். டைல்ஸ் சத்தத்துக்கே அந்த நிலைமைன்னா, ஒரு வேட்டை நாய் ஹால்ல படுத்திருந்தா?

சரின்னு நெட்ல உட்கார்ந்து தேட ஆரம்பிச்சேன். நாயையும் பூனையையும் அறிமுகப்படுத்துறது எப்படின்னு ஆயிரம் பக்கம் இருக்கு. கொஞ்சம் படிச்சதுமே ஒண்ணு புரிஞ்சுது. எல்லாமே அந்த நாய் நிரந்தரமா இருக்கப்போகுதுங்கற கணக்குல எழுதினது. மெதுவா பழக்குங்க, வாரக்கணக்கா ஆகும், சில வீட்டுல மாசக்கணக்கு ஆகும், பொறுமையா இருங்கன்னு. என்கிட்ட மாசம் இல்லை. 24 நாள். 25-வது நாள் அந்த நாய் அங்க இருக்காது. நட்பு வரைக்கும் கொண்டுபோய் அதை அப்படியே தூக்கிப்போடறதுக்கு எதுக்கு ரெண்டு பூனையைப் பாடு படுத்தணும்?

அதனால கேள்வியையே மாத்திக்கிட்டேன். இதுங்க ரெண்டும் எப்படிப் பழகும்கறதை விட்டுட்டு, இந்த 24 நாள்ல என் பூனைங்க எதையெல்லாம் இழக்கும், அதுல எதை நான் காப்பாத்திக் கொடுக்க முடியும்னு ஒரு பட்டியல் போட்டேன். பூனைக்கு வீடுங்கறது நம்ம மாதிரி நாலு சுவர் இல்லை. வாசனை, உயரம், நேரம். காலையில 10-ல இருந்து 12 வரைக்கும் ஹால் ஜன்னல்ல உட்கார்ந்து புறாவைப் பாக்கறது கலெக்டரோட டியூட்டி. அந்த ஜன்னல் போச்சுன்னா அவனுக்கு வீட்டுல பாதி போச்சு.

வீடு 2 பிஎச்கே. பின் ரூமை பூனைங்களுக்கு எழுதிக் கொடுத்தாச்சு: மண் பெட்டி ரெண்டு, தண்ணி, சாப்பாடு, ஏறி உட்கார பீரோ. முன் ரூம் அப்பா, அம்மா, மணிக்கு. ஹால்தான் சிக்கல். ஹாலை இடமா பிரிக்க முடியாது, அதனால நேரமா பிரிச்சேன். மணி ராத்திரி 10-ல இருந்து காலை 5.30 வரைக்கும் முன் ரூம்ல, கதவு சாத்தி. அவ்வளவு நேரமும் மொத்த வீடும் பூனைங்களோடது. பூனை எப்படியும் விடியலுக்கு முன்னாடியும் இருட்டற நேரத்துலயும்தான் சுறுசுறுப்பா இருக்கும், அதனால நைட் ஷிஃப்ட் அதுங்களுக்கு ஒத்துப்போற விஷயம். அப்புறம் காலையில மணி வாக்கிங் போற ஒரு மணி நேரம், 10-ல இருந்து 12 வரைக்கும் ஜன்னல் டியூட்டி, சாயங்கால வாக்கிங். காலண்டர்ல கலர் கலரா போட்டு வச்சிருந்தேன். அம்மா அதைப் பாத்துட்டு, "ரயில்வேல கூட இப்படி டைம்டேபிள் போட மாட்டான்ட்டி"ன்னாங்க.

மணி வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அவன் வாசனை வந்துடுச்சு. அவன் படுக்கற சாக்குல இருந்து ஒரு துண்டை வெட்டி பஸ் பார்சல்ல போடச் சொன்னேன். இங்க இருந்து பூனைங்க படுக்கற துணி ஒண்ணு ஊருக்குப் போச்சு. "பூனை முடி ஒட்டின துணியப் பார்சல் அனுப்புத புள்ளய நான் இப்பதான் பாக்கேன்" — இது அம்மா. அந்த சாக்குத் துண்டை முதல்நாள் ஹால் ஓரத்துல போட்டேன். கலெக்டர் மோந்து பாத்தான், வாயை லேசா திறந்து, மேலுதட்டைச் சுருக்கி, அப்படியே ஒரு நிமிஷம் உறைஞ்சு நின்னான். அதைப் பாத்து நிறைய பேர் பூனைக்கு அருவருப்புன்னு நினைப்பாங்க. இல்லை. பூனைக்கு மேலண்ணத்துல ஜேக்கப்சன் உறுப்புன்னு ஒண்ணு இருக்கு. மூக்கால மட்டும் பிடிபடாத வாசனையை வாய் வழியா அங்க அனுப்பி ஆராயுது. லேப்ல சாம்பிள் போட்ட மாதிரி. அப்புறம் தினமும் அந்தத் துண்டை அதுங்க சாப்பாட்டுத் தட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமா பக்கத்துல நகர்த்தினேன். அஞ்சாவது நாள் பூந்தி அதுமேலயே உட்கார்ந்து சாப்பிட்டா. கலெக்டர் தட்டை சுத்திப்போய் மறுபக்கத்துல இருந்து சாப்பிட்டான். அவன் கொள்கை அப்பவே தெளிவா இருந்துச்சு.

முதல் நாள். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல கார்ல வந்த நாயை நேரா மேல கூட்டிட்டு வரலை. முதல்ல தெருவுல முக்கா மணி நேரம் நடக்க விட்டு, தண்ணி குடிக்க வச்சு, நாக்கு தொங்கற அளவுக்குக் களைப்பானதும்தான் லிஃப்ட். பூனைங்க ரெண்டும் பின் ரூம்ல, கதவு தாழ். மணி உள்ள வந்தான், ஹாலை ஒரு சுத்து மோந்தான், பின் ரூம் கதவடியில வந்து நின்னான். குரைக்கலை. காது முன்னாடி வந்துச்சு, வாய் மூடிச்சு, வால் அசையலை. அப்பா நாற்காலியில இருந்தே சொன்னார்: "ஏம்மா, குரைக்கிற வரைக்கும் பயம் இல்ல. வாய மூடுனா, அப்பப் பிடிச்சிரு." அந்த 24 நாள்ல எனக்குக் கிடைச்ச ஒரே உருப்படியான அட்வைஸ் அதுதான். நான் படிச்ச எந்தப் பக்கத்துலயும் இவ்வளவு சுருக்கமா இல்லை.

அடுத்த நாள் சாயங்காலம் அப்பாவை அட்மிட் பண்ணினோம், அம்மா கூட இருக்கப் போயிட்டாங்க. வீட்டுல நான், ரெண்டு பூனை, அப்பாவைத் தேடி அழற ஒரு நாய். நான் ரெண்டு விஷயத்தை மட்டும் ஷீட்ல எழுதிட்டு வந்தேன்: ஒவ்வொரு பூனையும் எத்தனை கிராம் சாப்பிட்டது, மண் பெட்டியில எத்தனை கட்டி. சாப்பாடு எதுக்குன்னா, பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தா, அதுலயும் குண்டுப் பூனைன்னா, உடம்புக் கொழுப்பு முழுக்க கல்லீரலுக்குப் போய் சேந்துடும். கல்லீரல் படுத்துடும். "பசிச்சா தானா சாப்பிடும்"ங்கற நம்ம ஊர் வசனம் பூனைகிட்ட செல்லாது.

பூந்தி முதல்நாள் பாதி சாப்பிட்டா, ரெண்டாம் நாள் முழுசும். கலெக்டர் முதல்நாள் கால்வாசி. ரெண்டாம் நாள் காலை 9 மணிக்கு ஒரு கட்டி. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை. வழக்கமா அவனுக்கு நாளைக்கு மூணு. மதியம் 3 மணி, இல்லை. ராத்திரி 8 மணி, இல்லை. பீரோ மேல போர்வைக்குள்ள ஒரு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தான். கதவுக்கு அந்தப்பக்கம் மணி முனகறது கேக்கும்போதெல்லாம் காது மட்டும் பின்னாடி போகும்.

10 மணிக்கு டாக்டருக்குப் போன் போட்டேன். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு: பெட்டிக்குப் போய் உட்கார்ந்து முக்கறானா, இல்ல பெட்டிக்கே போகலையா? போகலைன்னேன். போய் முக்கி ஒண்ணும் வரலைன்னாலோ, கத்தினாலோ, அடியில நக்கிக்கிட்டே இருந்தாலோ, வாந்தி எடுத்தாலோ ராத்திரின்னு பாக்காம தூக்கிட்டு வா. அடக்கி வச்சிருக்கான்னா நாயோட சத்தத்தைக் குறை, ஈரமான சாப்பாடு வை, விடியற வரைக்கும் பாரு. ஆண் பூனை வச்சிருக்கவங்க யாராவது கேட்டுட்டு இருந்தீங்கன்னா இந்த ஒரு வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க. பெட்டிக்குள்ள போய்ட்டுப் போய்ட்டு சும்மா வர்ற ஆண் பூனைக்கு மலச்சிக்கல்னு நினைச்சுட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே கிளம்பணும்.

மணியை முன் ரூம்ல அப்பாவோட பழைய வேட்டியைப் போட்டுப் படுக்க வச்சு, ஃபேனை ஃபுல்லா வச்சேன், சத்தம் வெளிய கேக்காம இருக்க. பின் ரூம் கதவைத் திறந்து வச்சுட்டு, ஹால்ல லைட் அணைச்சுட்டு சோபாவுல படுத்தேன். காலையில 7 மணிக்கு அப்பாவை தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போவாங்க. மண்டைக்குள்ள அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம். விடியறதுக்குள்ள இவனைத் தூக்கிட்டு ஓட வேண்டி வந்தா, நான் எந்த ஆஸ்பத்திரியில நிக்கறது?

2.40. டக்குனு ஒரு சத்தம், பீரோவுல இருந்து குதிச்சது. கலெக்டர் வந்தான். ஹாலை ஒவ்வொரு அடியா மோந்துக்கிட்டே வந்தான். மணி படுத்த இடம், மணியோட தண்ணிக் கிண்ணம், செருப்பு ஸ்டாண்டு. எல்லாத்தையும் ஆய்வு பண்ணிட்டு, ஹால் ஓரத்துல இருந்த மணியோட சாக்கு மேல ஏறினான். திரும்பினான். உட்கார்ந்தான். நிம்மதியா, நீளமா, ஒரு முழு நாள் சேத்து வச்சதை அங்க இறக்கினான். நான் இருட்டுல மூச்சு விடாம படுத்திருந்தேன். நல்ல வேகமா போச்சா, சொட்டு சொட்டாவான்னு டாக்டர் கேப்பாங்க. நல்ல வேகம். சத்தமே கேட்டுச்சு.

காலையில 6 மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டப்ப அப்பாவே எடுத்தார். தைரியம் சொல்லத்தான் கூப்பிட்டேன், வாயில வந்தது, "அப்பா, கலெக்டர் மணி சாக்குல ஒண்ணுக்குப் போயிட்டான்." ரெண்டு செகண்ட் அமைதி. "சரிம்மா, அப்ப அவனுக்கு சரியாப் போச்சு. இனி என்னயப் பாருங்க"ன்னார்.

அது அசிங்கம் பண்ணினது இல்லை, பழி வாங்கினதும் இல்லை. பூனை தன் வாசனையால பேசற பிராணி. வீடு முழுக்க இன்னொருத்தன் வாசனை ஏறிடுச்சு, அந்த வாசனை எங்க அதிகமோ அங்கேயே போய் தன் பேரை எழுதிட்டான்னுதான் நான் எடுத்துக்கிட்டேன். அதைத் திட்டியிருந்தா மறுபடி போர்வைக்குள்ளதான் போயிருப்பான். சாக்கைத் துவைக்காம அங்கேயே விட்டேன். தரையை மட்டும் சோப்புத் தண்ணியால துடைச்சேன். இங்க ஒரு முக்கியமான விஷயம். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அம்மா முதல் வேலையா ஃபினாயில் பாட்டிலை எடுத்தாங்க. பூனை இருக்கற வீட்டுல ஃபினாயில் கூடாது. அதுல இருக்கற பீனால் வகை ரசாயனத்தைப் பிரிச்சு வெளிய தள்ளற வேலையை பூனையோட கல்லீரல் சரியாப் பண்ணாது. தரையில நடக்கும், பாதத்தை நக்கும், உள்ள போகும். பாராசிட்டமால் பூனைக்கு விஷமாகறதும் இதே குறைபாட்டாலதான். நாய் வந்தா வீடு துடைக்கறது கூடும், அதனால சொல்றேன்.

மூணாம் நாள்ல இருந்து கட்டி மறுபடி மூணு. சாப்பாடு பழைய அளவுக்கு வர ஆறு நாள் ஆச்சு.

அப்பா வீட்டுக்கு வந்ததும்தான் ரெண்டு பக்கமும் ஒண்ணை ஒண்ணு பாக்கற படலம். குழந்தைங்களுக்குப் போடற தடுப்பு கேட் போடலாம்னு நிறைய இடத்துல எழுதியிருக்கும். சிப்பிப்பாறைக்கு அது ஒரு தாண்டு. கொசுவலைக் கதவு ஒரு முட்டு. எங்க வீட்டுல பால்கனிக்கு இரும்பு கிரில் கேட் இருக்கு. மணி பெல்ட்டோட பால்கனியில, பூனைங்க ஹால்ல, நடுவுல இரும்பு. தினமும் 5 நிமிஷம், அவ்வளவுதான். நடக்க முடியாத அப்பா கிரில் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்து ட்ரெய்னர் ஆனார். மணி பூனையைப் பாப்பான், வாய் மூடறதுக்கு முன்னாடி அப்பா, "ஏலே, இங்க பாரு"ம்பார். திரும்பினா ஒரு துண்டு வேகவச்ச முட்டை. நான் எங்கேயோ படிச்ச பயிற்சி முறையை விளக்க ஆரம்பிச்சேன், அவர் பாதியிலேயே, "இத நாங்க ஆட்டுக்குட்டிகூடப் பழக்கும்போது செய்யதுதாம்மா"ன்னுட்டார்.

இந்த ரெண்டு பிராணியும் ஒரே சைகையை வேற வேற அர்த்தத்துல வச்சிருக்கு. நாய் வாலை ஆட்டினா பெரும்பாலும் வா விளையாடலாம். பூனை வாலை விசிறினா கிட்ட வராதே. நாய் முன்னங்காலைத் தூக்கினா கூப்பிடுது, பூனை தூக்கினா அறை விழப்போகுது. இஸ்ரேல்ல டெல் அவிவ் யூனிவர்சிட்டியில 2008-ல ஒரே வீட்டுல வாழற நாய்-பூனைகளை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. அதுங்க பல நேரம் எதிராளியோட சைகையைச் சரியாவே படிச்சுக்கக் கத்துக்குதுன்னு அதுல கண்டுபிடிச்சாங்க. ஆனா சின்ன வயசுலயே சேந்து வளர ஆரம்பிச்ச ஜோடிகள்லதான் உறவு நல்லா அமையுது: பூனை ஆறு மாசத்துக்குள்ள, நாய் ஒரு வயசுக்குள்ள. கலெக்டருக்கு 6, மணிக்கு 4. கணக்கு தெளிவு.

பூந்தி கதையே வேற. குட்டிப் பூனை எதைப் பயமில்லாம ஏத்துக்கணும்ங்கறது பெரும்பாலும் பிறந்த ரெண்டாவது வாரத்துல இருந்து ஏழாவது வாரத்துக்குள்ள முடிவாகிடுது. அவ அந்த வயசுல பார்க்கிங்ல தெருநாய்ங்க காலுக்கு நடுவுல வளர்ந்தவ. பதினோராம் நாள் கிரில் பக்கத்துல போய் உட்கார்ந்து முகம் கழுவிக்கிட்டா. மணிக்கு ஒண்ணும் புரியலை. ஓடாத ஒண்ணை என்ன பண்ணணும்னு அவன் பரம்பரையில யாரும் சொல்லித்தரலை. அப்பாவைத் திரும்பித் திரும்பிப் பாத்தான். கொஞ்ச நாள்ல கம்பிக்கு நடுவுல மூக்கும் மூக்கும் ஒட்டி ஒரு செகண்ட். அப்புறம் அவ ஒரு "ஹிஸ்" விட்டுட்டுப் போயிட்டா.

ஹிஸ் பண்ணினா பூனையை அதட்டறவங்களைப் பாத்திருக்கேன். தயவுசெஞ்சு வேண்டாம். அது வார்னிங் லாக். லாக்கை ஆஃப் பண்ணினா பிரச்சனை போயிடாது, அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாம நேரா கிராஷ் ஆகும். அதே மாதிரி பூனையைக் கையில தூக்கிட்டுப் போய் நாய்கிட்ட "பாரு பாரு"ன்னு காட்டறது. அது தப்பிக்க உங்க முகத்தைத்தான் ஏணியா யூஸ் பண்ணும், அப்புறம் நீங்க ஊசி போட வரிசையில நிக்கணும். "விட்டுடு, அதுங்களே பாத்துக்கும்"னு சொல்ற மாமாக்கள் எல்லா குடும்பத்துலயும் இருப்பாங்க. மணிக்கு ரெண்டு செகண்ட் போதும், மாமா.

பூனைச் சாப்பாட்டை ஃப்ரிட்ஜ் மேல மாத்தினது நாய்க்காக. அதுல புரதமும் கொழுப்பும் அதிகம், மணி ஒருநாள் மிச்சத்தை நக்கிட்டு ரெண்டு நாள் வயித்தால போனான். மண் பெட்டியையும் நாய் எட்டாத இடத்துலதான் வைக்கணும். ஏன்னு சாப்பிடற நேரத்துல கேக்கறவங்களுக்காகச் சொல்லாம விடறேன். நாய் வளர்த்தவங்களுக்குத் தெரியும்.

இதுல நான் எதிர்பார்க்காத ஒண்ணு அப்பா பக்கம் நடந்துச்சு. ஆபரேஷன் முடிஞ்சு வந்த முதல் வாரம் அப்பா நடக்கவே மாட்டேன்னுட்டார். பிசியோதெரபிஸ்ட் வந்தா தூங்கற மாதிரி நடிப்பார். வலி ஒரு பக்கம், வாக்கரைப் பிடிச்சுட்டு நடக்கறதுல வெக்கம் ஒரு பக்கம். காலையில 10 மணிக்குப் பூனைங்களுக்கு ஹால் வேணும், அப்ப மணி முன் ரூமுக்குள்ள போகணும். அப்பா உள்ள போனாத்தான் அவன் போவான். சாயங்காலம் நான் மீட்டிங்ல மாட்டிக்கிட்டா அவனை வராண்டா வரைக்குமாவது கூட்டிட்டுப் போகணும். பன்னிரண்டாம் நாள் எட்டிப் பாத்தா, அபார்ட்மென்ட் காரிடார்ல அப்பா வாக்கரோட, பக்கத்துல மணி. அம்மா பெல்ட்டைப் பிடிச்சிருந்தாங்க, ஆனா பெல்ட் தொங்கிட்டு இருந்துச்சு. காத்து மாதிரி ஓடற நாய் வாக்கர் ஒரு அடி வச்சா ஒரு அடி, நின்னா நின்னுச்சு. "டைம் ஆச்சும்மா, ஒன் பூனைங்க காத்துக்கிட்டு இருக்கும்"னு சொல்லிட்டு அப்பா லிஃப்ட் வரைக்கும் போய்ட்டு வந்தார்.

மணி போனப்புறம் கலெக்டர் ரெண்டு நாள் வீட்டைத் தேய்ச்சான். நாய் உயரத்துல இருக்கற ஒவ்வொரு மூலையிலயும் கன்னத்தைத் தேய்ச்சு, தன் வாசனையைத் திரும்ப ஏத்தினான். மூணாம் நாள் 10 மணிக்கு ஜன்னல்ல உட்கார்ந்திருந்தான், புறாவும் வந்துச்சு.

அப்பாவுக்கு அடுத்த முட்டி தை மாசம் முடிஞ்சு. மணியும் வருவான். அவனோட சாக்கை ஒரு கவர்ல கட்டி பரண்ல போட்டிருக்கேன், துவைக்கலை. வர்றதுக்கு பத்து நாள் முன்னாடி இறக்கணும், காலண்டர்ல போட்டாச்சு. அடுத்த வாரம் வழக்கம்போல ஞாயித்துக்கிழமை எபிசோட் வரும்.